வரைபடத்தில் மோகன் முனி

ஹெல்மெட்டுக்குள் தனியாகப் பாடிக்கொண்டு போகும் என் மோகன் அண்ணாவுக்கு,

உன்னைச் சாமியாக்கிவிட்டார்கள். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்தேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நீ கேலி செய்வாய், அதனால் நேராகவே சொல்லிவிட்டேன். நீ விழுந்த வளைவில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, மோகன் முனி என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரை நான் முதலில் பார்த்தது நம் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணியின் ஜிபிஎஸ் திரையில்.

அந்த அதிர்ச்சி இன்னும் முழுசாகப் போகவில்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தால் குடிக்க மறந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள். நீ ஹட்டனில் ஒரு பைக் சுற்றுலா நிலையத்தில் வேலை பார்த்தாய். வெளிநாட்டுக்காரர்கள் வாடகை பைக்கில் பின்னால் வர, நீ முன்னால் போய், நுவரெலியா, பூண்டுலோயா, லிந்துலை என்று மலையெல்லாம் காட்டிக்கொண்டு வருவாய். வரிசையின் கடைசி பைக்கில் சமந்த அண்ணன் வருவார். நான் ஆபீசில் உட்கார்ந்து ஈமெயிலுக்குப் பதில் எழுதுவேன். ஆட்களோடு பேச வேண்டாம், எழுதினால் போதும் என்பதற்காகத்தான் எனக்கு அந்த வேலையை நீ பிடித்துக் கொடுத்தாய்.

போன மழைக்காலத்தில், மூடுபனிக்குள், உன் பின்னால் வந்த இரண்டு பேர் லிந்துலைக்குப் போகும் வழியில் திரும்ப வேண்டிய சந்தியைத் தவறவிட்டார்கள். அவர்களுடைய ஜிபிஎஸ் அவர்களைத் திருப்பிக் கூப்பிடவில்லை. தானாகப் புது வழி போட்டது. இதுதான் கிட்ட என்று, நம் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் தேயிலைக் கொழுந்து லொறி போகும் மண்பாதையைக் காட்டியது. நீ அவர்களைத் தேடி அந்தப் பாதையில் ஏறினாய். அதற்குள் அவர்கள் பயந்துபோய் மறுபக்கமாக இறங்கி மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஓரச் சுவர் சரிந்துபோன வளைவில் நீ பைக்கோடு கீழே போனாய்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இப்போது எந்த ஜிபிஎஸ் வாங்குவது, அதில் என்ன வழி ஏற்றுவது என்பதெல்லாம் என் பொறுப்பு. "நீ பூமிசாஸ்திரம் படிச்ச புள்ளதானே" என்று முதலாளி என்னிடம் தள்ளிவிட்டார். நம் லயத்து வீடுகளிலேயே முதல் பட்டம் என்று நீ ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தாய், நான் வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் நின்றேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பட்டம் கடைசியில் இதற்குத்தான் உதவுகிறது.

ஃபோனே போதும் என்றார் முதலாளி. "ஃபோன் படம் பாக்க, வழி பாக்க வேற சாமான் வேணும்" என்று நீ அவரோடு சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. நான் சண்டை போடவில்லை. எனக்கு அது வராது. ஒரு ஃபோனையும் கடைக்காரர் பார்க்கத் தந்த இரண்டு ஜிபிஎஸ் பெட்டிகளையும் ஆபீசுக்குப் பின்னால் பைப்படிக்குக் கொண்டுபோய், உன் கையுறையை நனைத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அமுக்கிப் பார்த்தேன். தண்ணீர் பட்டதும் ஃபோன் தானாக முதலாளிக்கே கோல் எடுத்துவிட்டது. உள்ளேயிருந்து அவர், "என்ன கலா, பின்னால நின்னுக்கிட்டு கோல் பண்ற?" என்று கேட்டார். அதோடு ஃபோன் பேச்சு முடிந்தது.

தடித்த, அழகில்லாத பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறோம். பக்கத்தில் பொத்தான் இருக்கிறது, நனைந்த கையுறையோடு அமுக்கலாம். வெயிலிலும் பனியிலும் திரை தெரிகிறது. பைக் பற்றரியிலிருந்து வயர் இழுத்திருக்கிறோம், பாதி வழியில் செத்துப்போகாது. மலைக்குப் பின்னால் போனால் சிக்னல் கிடைக்காது என்பதால் வரைபடம் முழுவதையும் உள்ளேயே இறக்கி வைத்தாகிவிட்டது. சிக்னல் உள்ள இடங்களில், தான் நிற்கும் இடத்தைப் பெட்டி என் ஆபீஸ் திரைக்கு அனுப்பும்.

ஆனால் நான் முதலில் செய்தது வேறு. வாடகைக்குப் போகும் எல்லாப் பெட்டியிலும், வழி தவறினால் தானாகப் புது வழி போடும் வேலையை நிறுத்திவிட்டேன். போகும் இடத்தை மட்டும் கொடுத்தால் பெட்டி தன் இஷ்டத்துக்கு வழியை மாற்றும். ஒருவர் ஏற்கெனவே ஓடிப் பதிந்த தடத்தைக் கொடுத்தால் அதற்கு மாற்றத் தெரியாது. தவறிவிட்டாய் என்று மட்டும் சொல்லும், ஓட்டுகிறவர் நின்று திரும்பி வர வேண்டும். உன்னோடு விழுந்தும் உடையாத உன் பெட்டியில் நீ பதிந்த தடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றைத்தான் ஏற்றிக் கொடுக்கிறேன். இன்றைக்கும் எல்லோரும் உன் பின்னால்தான் போகிறார்கள்.

இதையெல்லாம் செய்து முடித்து, இனி யாரும் அந்தப் பாதைக்குப் போக மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தபோதுதான் அந்தப் பெண்மணி வந்தார். தலை முழுக்க வெள்ளை முடி. சொந்தமாக ஒரு ஜிபிஎஸ் கொண்டுவந்திருந்தார். அதை என் மேசையில் வைத்து, "இந்தக் கோயிலுக்கும் போகலாமா? பைக் ஓட்டுபவர்களைக் காக்கும் சாமியாமே" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். மேற்கணக்குப் பாதை. அந்த வளைவு. மேலே ஒரு கோயில் குறி. பக்கத்தில் உன் பேர்.

தொட்டதும் ஒரு படம் வந்தது, யாரோ ஊர் பார்க்க வந்தவர் எடுத்தது. கல்லின் தலையில் ஒரு நசுங்கிய ஹெல்மெட். அதன் பின்பக்கம் கிழிந்த சிவப்பு ஸ்டிக்கர். அதை ஒட்டியது நான். கோணலாக ஒட்டிவிட்டேன் என்று நீ ஒரு வாரம் திட்டிய அதே ஸ்டிக்கர்.

அந்தப் பெண்மணிக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

சமந்த அண்ணன் உள்ளே வந்து திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நங்கி, அது நான்தானே போட்டது" என்றார். என்னைத் தங்கை என்று அவர் சிங்களத்தில்தான் கூப்பிடுவார், உனக்குத் தெரியும்.

"எதுக்கு போட்டீங்க?"

"ஆபத்து தானே அந்த இடம். வாறவங்க ஸ்லோ பண்ண வேணும் தானே. மோகன் மச்சானும் அப்படித்தானே போடுறது."

உண்மைதான். நம் மலையில் ஒருவர் விழுந்து செத்த வளைவில் யாராவது ஒரு கல்லை நட்டு முனி என்பார்கள். அந்தக் கல்லைக் கண்டால் லொறிக்காரர் வேகத்தைக் குறைக்கக் காலைத் தூக்குவார், பஸ்காரர் ஹோர்ன் அடிப்பார். மோசமான வளைவு என்பதற்கு நமக்கு வேறு பலகை தேவைப்பட்டதே இல்லை. உன் பெட்டியிலும் கெட்ட வளைவுக்கெல்லாம் நீ கோயில் குறிதான் போட்டிருந்தாய். கிட்டப் போகும்போதே மணி அடிக்கும், நீ வேகத்தைக் குறைப்பாய். அது உன் பெட்டிக்குள் இருந்தவரை சரி. சமந்த அண்ணன் அதே குறியை உலகம் முழுக்கப் பார்க்கும் வரைபடத்தில் போட்டுவிட்டார். நமக்கு அந்தக் குறி மெதுவாகப் போ என்று சொல்லும். வெளியிலிருந்து வருகிறவருக்கு வா, பார், படம் எடு என்று சொல்லும். அவருக்கு இது தோன்றவே இல்லை. உனக்குத் தோன்றியிருக்குமா? எனக்கும் அந்தத் திரையைப் பார்க்கும்வரை தோன்றவில்லை.

மறுநாள் காலை சமந்த அண்ணனோடு மேற்கணக்குக்குப் போனேன். பாதையின் தொடக்கத்தில் தோட்டத்தார் கம்பி கட்டியிருக்கிறார்கள். லொறி போக முடியாது, பைக் ஓரமாக நுழைந்துவிடும். வளைவுக்குக் கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா என்னைக் கண்டதும் கூடையோடு ஏறி வந்தார்.

உனக்கு முன்னால் ஒரு சுருட்டும் கால் போத்தல் சாராயமும் வைத்திருந்தார்கள், அண்ணா. உனக்கு. கல்யாண வீட்டில் அந்த வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போகிறவனுக்கு.

"அண்ணனுக்கு இதெல்லாம் ஆகாதேக்கா" என்றேன்.

"உசுரோட இருந்தப்ப ஆகாது. முனின்னா படைக்கணும்ல. சாயங்காலம் போத்தல் காலியாத்தான் இருக்கும். முனி குடிச்சிருச்சும்பாரு எம்புருசன். முனி வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துத் தூங்குறத நான்தான் பாக்குறேன்."

சமந்த அண்ணன் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அக்காவின் அடுத்த பேச்சு நிறுத்திவிட்டது.

"ஒங்கம்மா வெள்ளிக்கெழம தவறாம வந்து வெளக்கு வைக்குது. நீ ஏன் கூட வாறதில்ல?"

வெள்ளிக்கிழமை அம்மா அம்மன் கோயிலுக்குப் போகிறார் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படித்தானே என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். கல்லுக்கு முன்னால் எண்ணெய்க் கறை படிந்த ஒரு இடம் இருந்தது. அங்கே நின்று பார்த்தேன். அதற்கு அப்பால் பாதை இல்லை. புல்லுக்கு அடியில் மண்ணைத் தண்ணீர் குடைந்து வைத்திருந்தது. அம்மா குனிந்து விளக்கு ஏற்றும்போது கால் வைப்பது அந்தப் புல்லின் மேல்தான்.

நாங்கள் நிற்கும்போதே வேறெங்கோ வாடகைக்கு எடுத்த பைக்கில் இரண்டு பையன்கள் வந்தார்கள். கையில் ஃபோன், அதில் உன் கோயில். நாங்கள் கை காட்டுவதற்குள் ஓரத்தில் பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, படம் எடுக்க உன் பக்கம் வந்தார்கள். ஸ்டாண்ட் மண்ணில் இறங்கியது. பைக் மெதுவாகச் சாய்ந்தது. விழுந்த பைக்கோடு அது நின்ற நிலமும் சேர்ந்து போனது.

சத்தம் கீழே போய்ச் சேர நேரம் எடுத்தது. ஒரு பையனின் முகத்தில் படத்துக்காகச் சிரித்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பாக்கியம் அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். சமந்த அண்ணன் அழுதார். "மச்சானுக்கு நல்லது செய்யத்தானே நங்கி போட்டது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

மெயின் ரோட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் அவர் அந்தக் குறியை அழித்துவிட்டார். ஆனால் முன்பே வரைபடத்தை இறக்கி வைத்தவர்களின் பெட்டியில் அது இருக்கத்தான் செய்யும். அவர்கள் தேடி வருவார்கள். கல் அங்கே இருக்கும்வரை ஓரத்தில் நிற்பார்கள். அம்மாவும் நிற்பார். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கல்லை அங்கிருந்து எடுத்தாக வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. அதை அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்பதும்.

உனக்குத் தெரியும், நான் அம்மாவிடம் எதையும் மறுத்துப் பேசியதில்லை. எனக்கும் சேர்த்துப் பேசுகிறவன் நீ.

அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் கதவடியிலேயே நின்று சொல்லிவிட்டேன். உன் கல்லைப் பார்த்தேன், அதை மெயின் ரோட்டுச் சந்திக்குக் கொண்டுவர வேண்டும் என்று.

அம்மா நிமிரவில்லை. "சமந்த சொன்னானா?"

"நான் சொல்றேம்மா."

"எங்கெங்கயோ இருந்து வாறாங்க கலா. போன வெள்ளிக்கெழம ஒரு வெள்ளக்காரி செருப்பக் கழட்டி வச்சிட்டு கும்புட்டா. இருந்தவரைக்கும் அவந்தான் எல்லாரையும் தேடித் தேடிப் போனான். இப்பத்தான் அவனத் தேடி ஆளுக வருது. அதையும் வேணாங்கிறியா?"

நீ இருந்தால் ஒரு பகிடி விட்டு அம்மாவைச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு உள்ளதுதான் வந்தது.

"அவன் தேடிப் போயித்தாம்மா விழுந்தான். இப்ப அவனத் தேடி வாறவங்களும் அங்கயே விழப் போறாங்க. இன்னிக்கி ஒரு பைக் போயிருச்சு. அது நின்ன எடத்துக்குப் பக்கத்துலதான் நீங்க வெளக்கு வைக்கிறீங்க."

மாவில் கை அப்படியே நின்றது. அடுத்த வீட்டுக் காம்பிராவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வை, இந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்று கேட்பதுபோல இருந்தது. எனக்கே அப்படித்தான் இருந்தது.

பிறகு கேட்டார், "யாரு பைக்கு?"

"ரெண்டு பயலுக. எறங்கிட்டாங்க, ஒண்ணும் ஆகல."

"அவங்கம்மாவுக்கு தெரியுமா?"

தெரியாது என்றேன். அம்மா நெடுநேரம் மாவைப் பிசைந்தார். அவ்வளவு பிசையத் தேவையில்லை.

முனியை நட்ட இடத்திலிருந்து எடுப்பதற்குப் பூ வைத்து உத்தரவு கேட்க வேண்டும், வெள்ளைப் பூ வந்தால்தான் எடுக்கலாம் என்று பூசாரி சொல்லியனுப்பினார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பெத்தவ எந்திரிடான்னா எந்திரிக்கணும். அதுக்கு எதுக்குப் பூவு?"

வெள்ளிக்கிழமை காலை உன் பழைய பைக்கில் போனோம். நான் ஓட்டினேன். ஆமாம், லைசென்ஸ் எடுத்துவிட்டேன், அதைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும். அம்மாவுக்கு உன் இரண்டாவது ஹெல்மெட்டைப் போட்டுவிட்டேன். பின்னால் உட்காருகிறவரும் கேட்கட்டும் என்று நீ உள்ளே ஸ்பீக்கர் வைத்தாயே, அது. ஹேண்டிலில் உன் பெட்டி. புது வரைபடம் இறக்கியபோது உன் பெட்டிக்குள்ளும் வந்துவிட்ட அந்தக் குறியைத் திரையில் சரியாகப் பார்த்து அழிப்பதற்காக, போகுமிடத்தை அந்த வளைவு என்று போட்டிருந்தேன்.

வளைவுக்கு முன்னால் நிலம் கெட்டியாக இருக்கும் இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டோம். அங்கே காத்திருந்த சமந்த அண்ணன் அம்மாவின் இடுப்பில் கயிறு கட்டி, மறு நுனியைத் தேயிலை வேரில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அம்மா மலைப்பக்கமாகவே நடந்துபோய், மண்ணைக் கையால் தோண்டி, உன்னை இரண்டு கையாலும் தூக்கினார். மஞ்சள் அவர் சேலையில் ஒட்டியது. நசுங்கிய ஹெல்மெட்டை பாக்கியம் அக்கா தன் கொழுந்துக் கூடையில் வாங்கிக்கொண்டார். போத்தலை யாரும் தொடவில்லை.

அம்மா கல்லை மடியில் வைத்து, முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தார். நான் முதல் கியரிலேயே இறக்கினேன். நாங்கள் வளைவு வரைக்கும் பைக்கில் போகாததால், இன்னும் வந்து சேரவில்லை என்றே பெட்டி நினைத்துக்கொண்டிருந்தது. விலகி விலகிப் போகிறோம் என்று கண்டதும் பேசத் தொடங்கியது.

"கலா, காதுக்குள்ள ஒரு பொம்பள என்னமோ சொல்றா."

"அது ஜிபிஎஸ்ம்மா."

"என்னா சொல்றா?"

"திரும்பிப் போகச் சொல்றா. அண்ணன் அங்க இருக்கான்னு நெனச்சுக்கிட்டு."

கொஞ்ச தூரம் இறங்கினோம். பெட்டி மறுபடியும் சொன்னது. அப்போது என் முதுகில் கல்லின் குளிர்ச்சி பட்டது. அம்மா அதை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"அங்க இப்ப யாரும் இல்லன்னு சொல்லு அவகிட்ட."

நான் பைக்கை நிறுத்தி, உன் பேரை அந்த இடத்திலிருந்து எடுத்தேன்.

இப்போது நீ சந்தியில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாய், அந்த இரண்டு பேரும் திரும்பத் தவறிய அதே இடத்தில். வரைபடத்திலும் அங்கேதான் போட்டிருக்கிறோம். மேற்கணக்குப் பாதை மூடப்பட்டது என்று தனியாகக் குறித்து அனுப்பியிருக்கிறோம். அந்த வெள்ளைமுடிப் பெண்மணி ஊருக்குப் போவதற்கு முன்னால் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போனார். அம்மா அவருக்கு இஞ்சி போட்ட தேநீர் கொடுத்தார்.

அண்ணா, உன்னிடம் வரம் எதுவும் கேட்க எனக்கு வாய் வராது. நீ சாமி என்று நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். என் கையால் வழி வாங்கிக்கொண்டு போகிற யாரையும், அவர்கள் திரும்பி வரும்வரை, சிக்னல் கிடைக்கும் இடமெல்லாம், திரையில் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருவர் தடம் மாறினாலும் வெட்கப்படாமல் ஃபோனை எடுத்து, நில்லுங்கள் என்று சத்தமாகச் சொல்வேன். யாரும் யாரையும் தேடிக்கொண்டு பனிக்குள் போக விடமாட்டேன்.

உன் கல்லுக்கு முன்னால் ஒரு கோப்பைத் தேநீர் மட்டும் வைக்கும்,
உன் தங்கச்சி கலா